அம்மாயிக்கு மூக்கு வந்த கதை

போன வாரம் திருப்பூர்ல இருக்க எங்க சித்தி பொண்ணு போன் பண்ணி எடுத்த எடுப்புலயே கேட்டா, அக்கா உன் காமிக்ஸ இப்ப வேற யாராச்சும் வரையறாங்களான்னு. இல்லடி நான்தான் வரையறேன்னு சொன்னேன். அப்பறம் ஏன் இப்படி இருக்குன்னு கேட்டா. கடைல ஒரு கல்யாணப் பத்திரிகை ப்ரூப் பாத்துட்டு இருந்தேன், ஒழுங்கா பதில் சொல்ல முடியல, ராத்திரி பேசறேன்னு வெச்சுட்டேன். அவள மாதிரியே இன்னும் நாலஞ்சு பேரு நேர்லயும் வாட்ஸப்லயும் கேட்டுட்டாங்க, ஒவ்வொருத்தருக்கும் ஒவ்வொரு மாதிரி பாதி பாதியா சொல்லிட்டு இருக்கேன், அதனால என் காமிக்ஸ் படத்தோட ஸ்டைல ஏன் மாத்தினேன்னு உக்காந்து முழுசா எழுதிடறேன். கொஞ்சம் நீளமா போகும்.

என் காமிக்ஸ் ‘பதினேழாம் நம்பர் லைன்’ படிக்காதவங்களுக்காக ஒரு நாலு வரி. குன்னூருக்கு மேல ஒரு தேயிலைத் தோட்டம், அங்க லைன் வீடுங்க, அதுல பதினேழாம் நம்பர் வீட்ல ஒரு அம்மாயி (அம்மாவோட அம்மா), ஒரு அம்மா, தேவின்னு ஒரு பொண்ணு. லைன் வீடுன்னா வரிசையா ஒரே சுவர ரெண்டு குடும்பம் பங்கு போட்டுக்கற மாதிரி ஒட்டி ஒட்டி கட்டினது, எங்க அம்மாயி லயம்னுதான் சொல்லும். கதைல வர்ற அம்மாயி எங்க அம்மாயிதான், பேர மட்டும் மாத்திருக்கேன். 1964ல சிலோன் பிரதமர் சிறிமாவோவும் நம்ம பிரதமர் சாஸ்திரியும் ஒப்பந்தம் போட்டு, சிலோன் தோட்டங்கள்ல இருந்தவங்கள்ல 5,25,000 பேர இந்தியா எடுத்துக்கும்னு பேசி முடிச்சாங்க. அப்படி தலைமன்னார்ல கப்பலேறி ராமேஸ்வரத்துல எறங்கி, மண்டபம் கேம்ப்ல கொஞ்ச நாள் இருந்துட்டு மலையேறி வந்த குடும்பங்கள்ல எங்களுதும் ஒண்ணு. இந்த ஆளுங்களுக்கு வேல குடுக்கறதுக்குன்னே 1968ல அரசாங்கம் ஆரம்பிச்சதுதான் டேன்டீ தோட்டங்க. பேப்பர்ல எல்லாம் தாயகம் திரும்பியோர்னு எழுதிருக்கும். ஆனா அம்மாயி பொறந்தது வளந்தது கல்யாணம் பண்ணது எல்லாம் கண்டிக்குப் பக்கத்துல, அது இந்தியாவ மொத மொதல்ல பாத்ததே அந்தக் கப்பல்ல இருந்துதான், திரும்பி வர்றதுக்கு அது எங்க இங்கிருந்து போச்சு. இந்த ஒரு விஷயம்தான் எனக்கு காமிக்ஸ் போடணும்னு தோணினதுக்கே காரணம்.

ஆனா நான் வரைய கத்துக்கிட்டது வேற எடத்துல இருந்து. சின்ன வயசுல டிவில தமிழ் டப்பிங்ல ஓடின ஜப்பான் கார்ட்டூன பாத்து பாத்து நோட்டு பின்பக்கம் பூரா அதையே வரைவேன். பெரிய கண்ணு, கண்ணுக்குள்ள வெளிச்சம், கூரான தாடை, காத்தே இல்லாட்டியும் பறக்கற முடி. அந்த ஸ்டைல் மேல எனக்கு இன்னைக்கும் மரியாதை இருக்கு, அதுல அவ்ளோ உழைப்பு இருக்கு, ஒரு கோட்ட தடிமனா ஆரம்பிச்சு மெலிசா முடிக்கறதுக்கே வருஷக்கணக்கா ப்ராக்டிஸ் பண்ணுவாங்க. நான் ராத்திரி கடைய சாத்திட்டு வந்து கிரிட்டாங்கற ட்ராயிங் சாஃப்ட்வேர ஓப்பன் பண்ணி (காசு குடுக்க வேண்டாம், அது ஒரு பெரிய புண்ணியம்) ஸ்டெபிலைசர ஏத்தி வெச்சுட்டு வரைவேன். கை நடுங்கினாலும் கோடு வழவழன்னு வரும். தேவிய அந்த ஸ்டைல்ல வரைஞ்சா நல்லாவே இருந்தா. தேவி பள்ளிக்கூடம் போறா, காட்டெருமைய பாத்து ஓடறா, மலை ரயில் பின்னாடி கத்திட்டு ஓடறா, எல்லாம் ஓடுச்சு.

அம்மாயிதான் ஓடல.

அந்த ஸ்டைல்ல வயசானவங்கள எப்படி காட்டுவாங்கன்னா கன்னத்துல ரெண்டு கோடு, நெத்தியில மூணு கோடு, முடிய வெள்ளையா விட்டுட்டா பாட்டி ரெடி. அதுக்கு கீழ இருக்கறது அதே சின்னப்பொண்ணு முகம்தான். மூக்குங்கறது ஒரு புள்ளி, திரும்பி நின்னா மட்டும் ஒரு சின்ன கூர். எங்க அம்மாயிக்கு மூக்கு நல்லா அகலம், ரெண்டு பக்கமும் மூக்குத்தி, கல் வெச்சது ஒண்ணு, வெறும் தங்கம் ஒண்ணு. மூக்கே இல்லாத முகத்துல மூக்குத்திய எங்க போடறது. நான் என்ன பண்ணேன்னா அந்தப் புள்ளிக்கு ரெண்டு பக்கமும் அந்தரத்துல ரெண்டு சின்ன வட்டம் வெச்சேன். 96 எபிசோட் அப்படியே போச்சு. யாரும் கேக்கல. எனக்கு மட்டும் ஒவ்வொரு தடவ அந்த வட்டத்த வெக்கறப்பவும் ஒரு மாதிரி இருக்கும், இது எதுலயும் குத்தலையேன்னு.

97வது எபிசோட்ல அம்மாயி சாகணும். கதைப்படி அது ரொம்ப நாளா முடிவு பண்ணது, வசனம் கூட எழுதி வெச்சாச்சு. நடு வீட்ல பாயில படுக்க வெச்சிருக்காங்க, தேவி வாசல்ல நிக்கறா, முகத்த மட்டும் ஒரு பேனல் (பக்கத்துல ஒரு கட்டம்), வசனம் கெடையாது. அந்த ஒரு பேனல மூணு வாரம் வரைஞ்சேன். கண்ண மூடினா அந்த ஸ்டைல்ல முகத்துல எதுவுமே மிச்சம் இருக்காது, ஏன்னா முகத்துல இருந்த மொத்த உசுரும் கண்ணுலதான் இருந்துச்சு, மூக்கு கெடையாது, உதடு ஒரு கோடு, எலும்பு கெடையாது. கண்ண மூடி வரைஞ்சா யாரோ ஒரு பொண்ணு தூங்கறா. எங்க அம்மாயி செத்தப்ப நான் பக்கத்துல உக்காந்து பாத்துட்டே இருந்தேன், அந்த முகத்துல கன்ன எலும்பும் மூக்கும்தான் இருந்துச்சு, வேற ஒண்ணுமே இல்ல. அத வரைய என் கிட்ட கோடு இல்ல. அன்னைக்கு லேப்டாப்ப மூடினவ நாலு மாசம் தொறக்கல.

இதுக்கு முன்னாடியே சின்ன சின்னதா சில விஷயம் இடிச்சுட்டுதான் இருந்துச்சு, அப்பெல்லாம் நான் அத தனித்தனி தொல்லையா நெனச்சேன். மொத விஷயம் பலூன். ஜப்பான் காமிக்ஸ்ல பேச்சு பலூன் எல்லாம் ஒசரமா ஒடுக்கமா முட்டை மாதிரி நிக்கும், ஏன்னா அவங்க எழுத்து மேல இருந்து கீழ எறங்கும். நானும் அத பாத்து அப்படியே ஒசரமா போட்டேன். தமிழ்ல ஒரு வார்த்தை எவ்ளோ நீளம்னு உங்களுக்கே தெரியும், ‘கூப்பிட்டுக்கிட்டிருந்தாங்களாம்’ னு அம்மாயி ஒரே மூச்சுல சொல்றத அந்த ஒடுக்கமான பலூனுக்குள்ள நாலா ஒடச்சு போடணும், படிக்கறவங்க கண்ணு ஒவ்வொரு வரிக்கும் தடுக்கி விழும். பகல்ல டிடிபி கடைல பத்திரிகைக்கு எழுத்து அடுக்கறதுதான் என் பொழப்பு, மாப்பிள்ளை பேர ரெண்டா ஒடச்சு போட்டா பெரியவங்க சண்டைக்கு வந்துருவாங்க, அது தெரிஞ்சும் ராத்திரி வீட்டுக்கு வந்து நானே அம்மாயி பேச்ச ஒடச்சுட்டு இருந்தேன். நம்ம எழுத்துக்கு குறுக்க அகலமான, தட்டையான பலூன் வேணும். பலூன் அகலமானா பேனல் அகலமாகும், பேனல் அகலமானா ஆளுங்க நிக்கற எடம் மாறும், அப்ப மொத்த பக்கமே மாறிடும். இத நான் புரிஞ்சுக்க மூணு வருஷம் ஆச்சு.

ரெண்டாவது ஸ்க்ரீன்டோன். நிழலுக்கு சாம்பல் கலர் பூசாம குட்டி குட்டி புள்ளியா போடறது. அச்சடிக்கற புத்தகத்துக்கு அது பிரமாதமா இருக்கும், அதுக்காக கண்டுபிடிச்சதுதானே அது. நான் பெருசா வரைஞ்சு போனுக்காக 800 பிக்சல் அகலத்துக்கு சுருக்குவேன், அப்ப அந்தப் புள்ளிங்க ஒண்ணோட ஒண்ணு மோதி பட்டுச்சேல மாதிரி அலை அலையா ஒரு டிசைன் வந்து நிக்கும். அம்மாயி சேலைல, சுவத்துல, வானத்துல எல்லாம் அதே அலை. ஒவ்வொரு எபிசோட்லயும் அத சரி பண்ணவே ஒரு மணி நேரம் போகும்.

மூணாவது தேயிலை. இதுதான் பெருசு. தேயிலைத் தோட்டத்த வரையறதுக்கு நான் ஒரு இலை ப்ரஷ் செஞ்சு வெச்சிருந்தேன், இழுத்தா இலை இலையா கொட்டும், பத்து நிமிஷத்துல ஒரு மலை முடிஞ்சிரும். ஆனா பாத்தா அது பச்சைக் கம்பளம். டூரிஸ்ட் பஸ்ல இருந்து பாக்கறவங்களுக்கு வேணா அது கம்பளமா தெரியலாம், அதுக்குள்ள எறங்கி நிக்கறவங்களுக்கு அது செடி, ஒவ்வொண்ணும் தனித்தனி செடி, இடுப்பளவு ஒசரத்துல மேசை மாதிரி தட்டையா வெட்டி வெச்சது, ரெண்டு செடிக்கும் நடுவுல ஒரு ஆள் பக்கவாட்டுல நுழைய எடம் இருக்கும், அதுலதான் அம்மா காலைல இருந்து சாயங்காலம் வரைக்கும் நிக்கறாங்க. மழைக்காலத்துல அந்த சந்துல அட்டை இருக்கும், பாம்பு இருக்கும், வழுக்கும். நான் வரைஞ்ச தோட்டத்துல ஒரு ஆள் நிக்க எடமே இல்ல. ஆளுங்கள கம்பளத்துக்கு மேல ஒட்டி வெச்சிருந்தேன்.

அந்த நாலு மாசத்துல காமிக்ஸ் வரையலையே தவிர வரையாம இல்ல. ஞாயித்துக்கெழம ஞாயித்துக்கெழம லைனுக்கு போய் அம்மா கூட இருப்பேன் (நான் டவுன்ல கடைக்குப் பக்கத்துல ரூம் எடுத்திருக்கேன்), அப்ப ஒரு சின்ன நோட்டு எடுத்துட்டு போய் கைய மட்டும் வரைஞ்சேன். அம்மா கை, பக்கத்து வீட்டு ராணி சித்தி கை, அவங்க மாமியார் கை. கொழுந்து எடுக்கறவங்க கைல கட்டை விரல்லயும் ஆள்காட்டி விரல்லயும் எலச்சாறு பட்டு பட்டு கருப்பா கறை ஏறிருக்கும், நகக்கண்ணுல போகவே போகாது, அங்கங்க வெடிச்சு கோடு கோடா இருக்கும். இப்ப பாதி வேலைக்கு கத்தரி வந்துருச்சு, கத்தரி புடிச்சு புடிச்சு உள்ளங்கைல வேற எடத்துல காய்ச்சிருக்கு. இந்தக் கைய வழவழ கோட்டுல வரையவே முடியாது. வரைஞ்சு பாத்தேன், கையொற போட்ட மாதிரி வந்துச்சு. அப்பறம் சாதாரண ப்ரஷ்ஷும் இந்தியன் இங்க் பாட்டிலும் வாங்கினேன். ப்ரஷ் காஞ்சு போய் இழுக்கறப்ப கோடு நடுவுல கிழிஞ்சு கிழிஞ்சு வரும் இல்லையா, வெடிச்ச தோலுக்கு அந்தக் கோடுதான் வேணும்னு அப்பதான் கண்டேன்.

ப்ரஷ்ல மொத மொத உருப்படியா வந்த முகம் அம்மாயிதான், போட்டோவ பாக்காம ஞாபகத்துல இருந்து வரைஞ்சேன். மூக்குல இருந்து ஆரம்பிச்சேன். மொதல்ல மூக்கு, அதுக்கு ரெண்டு பக்கம் மூக்குத்தி, அப்பறம் மூக்குல இருந்து வாய்க்கு எறங்கற பள்ளம், அப்பறம் கன்ன எலும்பு, கடைசியாதான் கண்ணு, அதுவும் ரெண்டே ரெண்டு கீத்து. அரை மணி நேரத்துல அம்மாயி வந்து உக்காந்துருச்சு. நான் அன்னைக்கு அழுதேன், அத மறைக்க வேண்டியது இல்ல.

அதுக்காக எல்லாத்தையும் பேப்பர்லயே வரையறேன்னு நெனச்சுடாதீங்க. குன்னூர்ல ஐப்பசி கார்த்திகைல இங்க்ல வரைஞ்சு பாருங்க. எங்க பக்கத்துக்கு பெரிய மழையே வடகிழக்கு பருவமழைதான், அந்த ரெண்டு மூணு மாசம் பேப்பர் நமுத்துப்போய் துணி மாதிரி ஆயிரும், இங்க் வெச்ச எடத்துல நிக்காம நரம்பு நரம்பா ஓடும், காயவே காயாது, காஞ்சத அடுக்கி வெச்சா ஓரத்துல பூஞ்சை. ஒரு எபிசோட் முழுக்க அப்படி போச்சு. அதனால இப்ப ஆளுங்களோட முகமும் கையும் மட்டும் பேப்பர்ல ப்ரஷ்ல வரைஞ்சு, அடுப்பு பக்கத்துல கொடி கட்டி காய வெச்சு, கடை ஸ்கேனர்ல ஸ்கேன் பண்ணிக்கறேன். எங்க ஓனர் அண்ணன் ஒண்ணும் சொல்றதில்ல, அவருக்கு நன்றி. மத்ததெல்லாம் கிரிட்டாலதான், ஆனா ஸ்டெபிலைசர் சுத்தமா ஆஃப். கோடு நடுங்கினா நடுங்கட்டும். பீனட்ஸ்னு ஒரு அமெரிக்க காமிக்ஸ் வரைஞ்ச ஷுல்ஸுக்கு கடைசி காலத்துல கை நடுங்கும், பிந்தின வருஷ ஸ்ட்ரிப்ப பெருசு பண்ணி பாத்தா கோடு அலையறது நல்லாவே தெரியும், அவரு அந்தக் கோட்டோடயே, அசிஸ்டென்ட் யாரையும் வெச்சுக்காம, 1950ல இருந்து 2000 வரைக்கும் கிட்டத்தட்ட 18,000 ஸ்ட்ரிப் தன் கையாலயே வரைஞ்சாரு. அது தெரிஞ்சப்பறம் ஸ்டெபிலைசர ஆஃப் பண்றதுக்கு எனக்கு பயம் போச்சு.

தேயிலைய எப்படி புடிச்சேன்னு சொல்றேன், வரையறவங்க யாராச்சும் இத படிச்சா உபயோகமா இருக்கும். செடிய வரையறத விட்டுட்டேன். செடிக்கு நடுவுல இருக்க சந்த மட்டும் கருப்பா வரையறேன். எதிர்த்த மேட்டுல நின்னு தோட்டத்த பாத்தீங்கன்னா மேல வெளிச்சம் பட்டு செடி எல்லாம் வெளுத்து தெரியும், சந்து மட்டும் இருட்டா ஓடு ஓடா வெடிச்ச மாதிரி ஓடும். அந்த இருட்ட மட்டும் ப்ரஷ்ல இழுத்துட்டு போனா வெள்ளையா விட்டதெல்லாம் தானா தேயிலை ஆயிருது. கிட்ட இருக்க ரெண்டு செடில மட்டும் நாலு கொழுந்து, ரெண்டு எல ஒரு மொட்டு, போதும். இப்ப அந்த சந்துல ஆள் நிப்பாட்டலாம். இடுப்புக்கு கீழ இருட்டுல போயிரும், இடுப்புக்கு மேல வெளிச்சத்துல இருக்கும், நெசத்துலயும் அப்படித்தான இருக்கு.

அப்பறம் மிஸ்ட். மேகம் எறங்கிருச்சுன்னா பத்தடி தள்ளி இருக்க சில்வர் ஓக் மரம் பாதிதான் தெரியும், அதுக்கு அடுத்தது நிழல், அதுக்கு அடுத்தது கெடையாது. பழைய ஸ்டைல்ல எல்லாத்துக்கும் ஒரே மாதிரி அவுட்லைன் போட்டுட்டு மேல வெள்ளைய ஒரு லேயர்ல பூசி ட்ரான்ஸ்பரன்சி கொறைப்பேன், கண்ணாடிக்கு பின்னாடி வெச்ச மாதிரி இருக்கும், ஈரமா இருக்காது. இப்ப தூரத்துல இருக்கறதுக்கு கோடே போடறதில்ல, வெறும் தண்ணியா கலந்த சாம்பல்ல ஒரு தடவ தொட்டு விட்டுருவேன், அதுக்கும் பின்னாடி இருக்கறத வரையறதே இல்ல. சில்வர் ஓக் எலைக்கு அடிப்பக்கம் வெள்ளி மாதிரி இருக்கும், காத்தடிச்சா மரமே ஒரு நொடி வெளுக்கும், அத ஒரு பேனல்ல கொண்டு வர ட்ரை பண்ணிட்டு இருக்கேன், இன்னும் வரல. காட்டெருமை மட்டும் மொத தடவையே வந்துருச்சு. மொத்தமா கருப்பு, முழங்காலுக்கு கீழ நாலு காலும் வெள்ளை, அவ்ளோதான். முன்னாடி அதுக்கும் பெரிய கண்ணு போட்டு செல்லமா வரைஞ்சிருந்தேன். ராத்திரி தண்ணி புடிக்கப் போறப்ப எதிர்ல அது நின்னா எப்படி இருக்கும்னு லைன்ல இருக்க எல்லாருக்கும் தெரியும், கண்ணு மூக்கெல்லாம் தெரியாது, சுவரு மாதிரி ஒரு கருப்பு மூச்சு விடும். புது எபிசோட்ல அது வர்ற பேனல பாத்துட்டு ராணி சித்தி போன கீழ வெச்சுட்டாங்க.

கோத்தகிரில ஒரு தடவ எங்க மலைப் பழங்குடிங்க குறும்பர்களோட ஓவியம் பாத்தேன். அவங்க பாறைல வரைஞ்சுட்டு இருந்தது, இப்ப பேப்பர்லயும் துணியிலயும் வரையறாங்க, வேங்கை மரத்து பிசின், எலச்சாறு இதெல்லாம்தான் கலரு. ஆளுங்களுக்கு முகமே இருக்காது, சின்ன சின்னதா குச்சி மாதிரி இருப்பாங்க, ஆனா யாரு ஏணி புடிச்சு தேன் எடுக்க எறங்கறாங்க, யாரு கீழ நிக்கறாங்கன்னு ஒடம்பு வளையறத வெச்சே தெரியும். ரொம்ப நேரம் நின்னு பாத்தேன். அதுல இருந்து நான் எடுத்துக்கிட்டது ஒண்ணே ஒண்ணு, மொதல்ல ஒடம்பு என்ன செய்யுதுன்னு பாக்கணும். அந்த உருவத்தையோ கலரையோ எடுத்து என் காமிக்ஸ்ல போட எனக்கு மனசு வரல, அது அவங்க வீட்டு சொத்து. ஏற்கனவே நான் ஒருத்தரோட கோட்டுல அம்மாயிய வரைஞ்சு பாத்துட்டேன், மறுபடி இன்னொருத்தரோட கோட்டுக்கு போக வேண்டாம்னு இருந்துச்சு.

பழைய 96 எபிசோட என்ன பண்றதுன்னு ஒரு மாசம் தூக்கம் இல்ல. மறுபடி முழுசா வரைஞ்சுடலாமா? டின்டின் காமிக்ஸ் வரைஞ்ச எர்ஜே அப்படித்தான் செஞ்சாரு, மொதல்ல கருப்பு வெள்ளைல வந்த கதைங்கள 1940கள்ல திரும்ப வரைஞ்சு, கலர் போட்டு, ஒவ்வொரு புத்தகத்தையும் 62 பக்கத்துக்குள்ள அடக்கினாரு. அவருக்கு அதுக்கு ஒரு புத்தகக் கம்பெனி இருந்துச்சு, ஆளுங்க இருந்தாங்க. எனக்கு ராத்திரி ஒம்போதுல இருந்து பன்னெண்டு வரைக்கும் இருக்கு. பீனட்ஸ்ல ஸ்னூப்பி ஆரம்பத்துல நாலு கால்ல நடக்கற சாதாரண நாய்க்குட்டி, அப்பறம்தான் ரெண்டு கால்ல நிக்க ஆரம்பிச்சுது, யாரும் பழசப் போய் அழிச்சு மாத்தல. நானும் பழசத் தொடல. அது நான் இருபத்தி நாலு வயசுல வரைஞ்சது, அப்ப எனக்கு அவ்ளோதான் தெரிஞ்சுச்சு, இருக்கட்டும். கப்பல் எபிசோட் மட்டும், 31வது, அத மறுபடி வரையப் போறேன். அம்மாயி கப்பல் மேல நின்னு மொத தடவையா ராமேஸ்வரத்து கரைய பாக்கற எடம். அந்த முகத்துல அன்னைக்கு நான் பெரிய கண்ணும் ரெண்டு நட்சத்திரமும் போட்டு விட்டிருந்தேன், சந்தோஷமா இருந்த மாதிரி. அது சந்தோஷமா இல்லன்னு எனக்கு அப்பவே தெரியும். அம்மாயியே சொல்லிருக்கு, கரை தெரிஞ்சப்ப எல்லாரும் எட்டி பாத்தாங்க, நான் பின்னாடி திரும்பி பாத்துக்கிட்டே இருந்தேன்னு. என் கிட்ட இருந்த கண்ணு அந்த ஒரு மாதிரிதான் பாக்கும், அதனால கதையவே மாத்தி சொல்லிட்டேன். இது ஒண்ண மட்டும் என்னால விட முடியாது.

எந்த எடத்துல மாத்தறதுங்கறது தனி யோசனை. ஒரு எபிசோட்ல பழைய முகம், அடுத்ததுல புது முகம்னா படிக்கறவங்களுக்கு தூக்கிப்போடும். அதனால கதைக்குள்ள ஒரு இடைவெளி விட்டேன். 97ல அம்மாயி சாகறதா இருந்தத தள்ளி வெச்சு, தேவி கோயம்புத்தூர்ல காலேஜ் முடிச்சு மூணு வருஷம் கழிச்சு திரும்பி வர்ற மாதிரி ஆரம்பிச்சேன். பஸ் பர்லியார் தாண்டி வளைஞ்சு வளைஞ்சு ஏறுது, வந்து எறங்கினா லைனுக்கு முன்னாடி இருந்த தேயிலைய கவாத்து வெட்டிருக்காங்க. நாலஞ்சு வருஷத்துக்கு ஒருக்கா வெட்டுவாங்க, பச்சை ஒண்ணு கூட இல்லாம வெறும் குச்சியா நிக்கும், புதுசா பாக்கறவங்க செடி செத்துப்போச்சுன்னு நெனப்பாங்க. அந்த குச்சிங்கள ப்ரஷ்ல வரையறதுக்கு அவ்ளோ நல்லா இருந்துச்சு, ஒரு பக்கம் பூரா வெறும் கருப்பு குச்சிதான். தேவிக்கு ஊரு வேற மாதிரி தெரியுது, படிக்கறவங்களுக்கும் படம் வேற மாதிரி தெரியுது. திருப்பூர்க்காரிக்கு மட்டும் அது எடுபடல போல.

இதுல போனது என்னன்னும் சொல்லணும். முன்னாடி ஒரு எபிசோட் ஆறு மணி நேரம், இப்ப பதினஞ்சுக்கு மேல ஆகுது, வாரா வாரம் வந்தது ரெண்டு வாரத்துக்கு ஒருக்கா ஆயிருச்சு, சில தடவ மூணு வாரம். தேவி கோவப்பட்டா தலைல இருந்து புகை வர்றது, வெக்கப்பட்டா கன்னத்துல கோடு கோடா வர்றது, இதெல்லாம் இந்த ஸ்டைல்ல வெக்க முடியல, வெச்சா பொய்யா இருக்கு. எங்க அக்கா பையனுக்கு ஏழு வயசு, அவனுக்கு பழைய தேவிதான் புடிக்கும், புது தேவி பெரியம்மா மாதிரி இருக்கான்னு சொல்லிட்டான். அவனுக்காக தனியா பழைய ஸ்டைல்லயே ஒரு குட்டிக்கதை போடலாம்னு இருக்கேன், அது எனக்கும் வேணும், அந்தக் கைய நான் மறந்துடக் கூடாது. எழுத்தையும் இப்ப ஃபான்ட் போடாம அதே ப்ரஷ்ல கையால எழுதறேன், அகலமான பலூன்ல, வார்த்தை ஒடையாம. அதுக்கே எபிசோடுக்கு ரெண்டு மணி நேரம். ஆனா ‘ழ’வும் ‘கூ’வும் ‘ஞ’வும் அந்த ப்ரஷ்ல வளையறப்ப அம்மாயி முந்தானை வளையறதும் அதுவும் ஒரே கை எழுதினதுன்னு தெரியுது, அத நான் விடறதா இல்ல.

அம்மா என் காமிக்ஸ நாலு வருஷமா பாத்துட்டு இருக்காங்க. ஒவ்வொரு எபிசோடும் வந்தவுடனே போன்ல காட்டுவேன், வெரலால சர்ருன்னு கீழ வரைக்கும் தள்ளுவாங்க, நல்லாருக்கு பாப்பான்னு சொல்லிட்டு போன குடுத்துருவாங்க. ஒரு தடவ கூட வேற எதுவும் சொன்னதில்ல. போன ஞாயித்துக்கெழம 104வது எபிசோட் பாதி முடிஞ்சதக் காட்டினேன். அதுல அம்மாயி சின்ன வயசுல சிலோன் தோட்டத்துல கூடையோட மலை எறங்கி வர்ற மாதிரி ஒரு பேனல், கயிறு நெத்தில, கூடை முதுகுல. அம்மா தள்ளிட்டே வந்தவங்க அந்த மூணாவது பேனல்ல நின்னுட்டாங்க. ரெண்டு வெரல வெச்சு பெருசு பண்ணாங்க. கொஞ்ச நேரம் பாத்தாங்க.

“கயிறு இங்க வராது பாப்பா”ன்னாங்க. “நெத்தில போட்டா கண்ண மறைக்கும், எறக்கத்துல கால் வெக்கத் தெரியாது. எங்கம்மா உச்சிலதான் போடும், கீழ துணிய மடிச்சு வெச்சு. இந்தா.”

போன அடுப்புத் திண்டு மேல வெச்சுட்டு, கொடில கெடந்த துண்ட எடுத்து நாலா மடிச்சு தலைல வெச்சு, இல்லாத கயித்த ரெண்டு கையாலயும் காதுக்கு பின்னாடி புடிச்சு, கழுத்த முன்னாடி தள்ளி நின்னு காட்டினாங்க. நோட்டு பையில இருந்துச்சு. அசையாதீங்கம்மான்னு சொல்லி அப்படியே நின்னுட்டு வரைஞ்சேன், குழம்பு அடிப்புடிச்சு போச்சு.

அந்த மூணாவது பேனலும் அதுக்கு அடுத்த ரெண்டும் இப்ப மறுபடி வரைஞ்சுட்டு இருக்கேன், மழை வேற விடல, பேப்பர் இன்னும் கொடிலதான் தொங்குது. அதனால 104 இந்த ஞாயித்துக்கெழம வராது, அதுக்கு அடுத்த வாரம்தான்.